டோனட் போடுகிறவரின் மகள்

1

ரீட்டாவின் குரல் செய்தி வந்தபோது அதிகாலைப் பேருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இங்கே கனடாவில், கண்ணாடிக்கு வெளியே பனி. அங்கே ஊரில் பிற்பகல் வெயில். ரீட்டா என் தம்பி சகாயத்தின் மனைவி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, பெண்கள் விடுதியில் தங்கி, எங்கள் ஊர் மாதா கோயிலில் சகாயத்தைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவள். இத்தனை வருடம் சேரப்பணஞ்சேரியில் வாழ்ந்தும் அவள் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை.

“அத்தான், அந்த டோனட்டுக்குத் தயிரு எவ்வளவு ஊத்தணும்? மாவு கையில ஒட்டிக்கிட்டே கெடக்கு. உருட்டவே வரமாட்டேங்கு. மக அஞ்சலா வேற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கா. சீக்கிரம் சொல்லுங்க.”

கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டச்சு செய்தேன். இரண்டு தம்ளர் மைதா, இரண்டு சின்னக் கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, இனிப்புக்கு ஏற்பச் சர்க்கரை. தயிரைத் துணியில் கட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, கெட்டியாக ஒரு தம்ளருக்குச் சற்றுக் குறைவாகச் சேர். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அடித்துப் பிசையாதே, ஒன்றாகச் சேர்ந்தால் போதும். விரல் தடிமனுக்குத் தட்டி, தம்ளர் வாயால் வட்டம் வெட்டி, பாட்டில் மூடியால் நடுவில் துளை போடு. ஏர் ஃப்ரையரை வெறுமனே கொஞ்சம் சூடாக்கிக்கொள். பிறகு நூற்றெண்பதில் வைத்து, நடுவில் ஒரு முறை திருப்பு. பொன்னிறம் வந்ததும் எடுத்து உருக்கிய வெண்ணெய் தடவி, சூடு ஆறுவதற்குள் ஏலக்காய்ப் பொடி கலந்த சர்க்கரையில் புரட்டு. ஈஸ்ட் வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம்.

இதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சந்தோஷம்தான் இருந்திருக்க வேண்டும். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, அந்தக் குளிரிலும் எனக்கு முகம் சுட்டது. போன விடுமுறையில் ரீட்டாவின் அடுக்களையில் நின்று இதை நான் செய்துகாட்டிய சாயங்காலம் அப்படிப்பட்டது.

2

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியராக இருந்தவன். சகாயமும் அங்கேதான், அசெம்பிளி லைனில். பல வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, நான் கிளம்பிய பிறகு நிரந்தரமானான். எனக்குக் கனடா விசா வந்தபோது எங்கள் பிரிவில் கேக் வெட்டினார்கள். நான் பயிற்சி கொடுத்த பையன்கள் என்னைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூட அன்றிலிருந்து ‘கனடா இன்ஜினியர்’ என்றார்கள்.

இங்கே வந்ததும் என் பட்டத்தை மதிப்பிட வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் முத்திரையிட்ட உறையில் வர வேண்டும். அது என் முகவரிக்கு வந்தது. ஆசையில் பிரித்துப் பார்த்துவிட்டேன். பிரித்த உறை செல்லாதாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதை இரண்டு விரலால் பிடித்து என்னிடமே தள்ளினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அது முடிந்து நேர்காணலுக்குப் போனால், எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம் உண்டா? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று நான் சொன்னபோது ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நல்ல சகுனம் என்று நினைத்து ஒரு மாதம் காத்திருந்தேன்.

மனைவி பியூலாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நான், தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டோனட் பேக்கரியில் சேர்ந்தேன். முதல் நாள், “தட்டுகளையும் கழுவட்டுமா?” என்று முதலாளியிடம் கேட்டேன். “யூ ஆர் குட்” என்றார். நான் நல்லவன் என்கிறார் என்று நினைத்து நாள் முழுவதும் பூரித்துப்போயிருந்தேன். சாயங்காலம் பியூலாவிடம் சொன்னபோது, அவள் சிரிக்காமல் மெதுவாக, “அப்படின்னா ‘வேணாம், போதும்’னு அர்த்தங்க” என்றாள்.

தற்காலிகம் நிரந்தரமாயிற்று. மாவு கூட்டுவேன், வெட்டுவேன், எண்ணெயில் போட்டுத் திருப்புவேன், பாகில் முக்குவேன். ஊரில் கேட்டால் “ஃபுட் கம்பெனி, ப்ரொடக்‌ஷன்ல இருக்கேன்” என்பேன். எங்கள் பக்கத்தில் ப்ரொடக்‌ஷன் என்றால் நீளமான லைன், ரோபோ கை, நீலச் சட்டை என்றுதான் கண்ணுக்குத் தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மகள் ஜெனிக்கு மட்டும் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. சனிக்கிழமைகளில் பேக்கரிக்கு வருவாள். முதலாளி அவளை உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, பாகு சொட்டச் சொட்ட முதல் டோனட்டை அவள் கையில் கொடுப்பார். அவள் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் அப்பாவின் வேலையைச் சொன்னபோது, இவள் சொன்னதற்குத்தான் எல்லாரும் கை தட்டினார்களாம். வக்கீலின் மகன் இவளைப் பொறாமையோடு பார்த்தானாம்.

3

போன விடுமுறையில் சகாயத்தின் மகள் அஞ்சலாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் விழா. பியூலாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை; நானும் ஜெனியும் போனோம். விழாவுக்கு முந்தின சாயங்காலம் அடுக்களையில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். பக்கத்து வீட்டு மேரி அக்கா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ரீட்டா கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாவும் ஜெனியும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரிய, எப்படியோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அலமாரியின் மேல் பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்த படத்தை ஜெனி பார்த்துவிட்டாள். “ஏர் ஃப்ரையர்!” என்று கத்தினாள்.

“அது இன்னா மிஷினோ, ஆயுத பூஜைக்குக் கம்பெனில குட்த்தாங்க. பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும்” என்றான் சகாயம். “ரீட்டா அதுல புட்டு அவிக்கலாமான்னு கேட்டுகினு கீறா.”

“சித்தப்பா, இதுல டோனட் பண்ணலாம். அப்பா பண்ணுவாங்க. அப்பாவோட ஜாபே அதுதானே? டெய்லி நூறு நூறா பண்ணுவாங்க. அப்பாதான் பெஸ்ட். எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்.”

அவள் தமிழில் இவ்வளவு நீளமாகத் தடுமாறாமல் பேசி நான் கேட்டதில்லை. மிக்ஸி நின்றது. மேரி அக்கா பூண்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாப்பா அருளு, டோனட் கடையிலயா கீற? இன்ஜினியர்னு சொல்லிகினு இருந்தாங்க?”

“சின்னப் புள்ள, ஏதோ சொல்லுது” என்று சிரித்தேன். “எங்க கம்பெனில அதுவும் தயாராவுதுக்கா. நான் ப்ளான்ட்டப் பாத்துக்கறேன்.”

“இல்லப்பா, நீங்கதானே மாவு…”

“ஜெனி, ஸ்டாப் இட்!”

எங்களுக்குள் ஆங்கிலம் வருவது கோபத்தில் மட்டும்தான். அது அவளுக்குத் தெரியும். எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்பதுதான் தெரியவில்லை. என்னையும் சுற்றி இருந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டவளைப் போல உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அந்த வார்த்தை என் வேலை.

பேச்சை மாற்ற, பெட்டியை நானே இறக்கினேன். வீட்டில் பேக்கிங் பவுடர் இல்லை. சகாயம் கடைக்குப் போய் வாங்கி வந்தான். தெரியாதவனைப் போல மெதுவாகச் செய்ய வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்கினேன். மாவில் கை வைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வெட்டி, துளை போட்டு, ஓரத்து மாவை ஒரே வீச்சில் கூட்டி உருட்டி மறுபடி தட்டினேன். வெந்ததைக் கம்பியால் சுண்டித் திருப்பினேன். பக்கத்தில் நின்ற சகாயம் டோனட்டைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ண்ணா, கைல இன்னா அத்தனை தழும்பு?”

“அடுப்புல பட்டுச்சுடா.”

ஏலக்காய் வாசனை வீடு முழுக்கப் பரவியது. குழந்தைகள் சர்க்கரை ஒட்டிய வாயோடு அடுத்த ஈடுக்காக வரிசையில் நின்றார்கள். “அத்தான், கடை வச்சிருக்கவுக மாதிரில்லா பண்ணுதீங்க!” என்றாள் ரீட்டா. வெள்ளை மனதோடுதான் சொன்னாள். ஜெனிக்கு ஒன்று எடுத்து நீட்டினேன். “நோ, தேங்க்ஸ்” என்றாள்.

4

மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் நின்றிருந்தோம். வெள்ளை கவுன் போட்ட குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். மேரி அக்கா தன் தங்கையை அழைத்து வந்து ஜெனியைக் காட்டினார். தங்கை இவள் கன்னத்தைத் தொட்டு, “உங்கப்பா அங்க இன்னாமா வேலை பண்றாரு?” என்று கேட்டார்.

நான் இரண்டடி தள்ளி இருந்தேன். ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

“இன்ஜினியர்” என்றாள்.

முந்தின நாள் நான் சிரித்த மாதிரியே கொஞ்சம் சிரித்தாள். அந்த அம்மாள் “அப்படியா கண்ணு” என்று மகிழ்ந்து நகர்ந்துபோனார். என் மகள் எனக்கு உதவி செய்துவிட்டவளாக, நான் தலையாட்டுவேனா என்று பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பி, யாரையோ தேடுகிறவனைப் போல நடந்தேன்.

சாயங்காலம் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, “டீ குடிச்சிட்டு வரலாம் வா ண்ணா” என்று சகாயம் பைக்கை எடுத்தான். வடக்குப்பட்டுப் பக்கம் போனோம். நான் வேலை பார்த்தபோது கடலை போட்டிருந்த நிலத்தில் இப்போது கிடங்குகள் நீண்டு கிடந்தன. கம்பெனிப் பேருந்துகள் ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டீக்கடைக்கு எட்டவே பைக்கை நிறுத்திவிட்டு, சகாயம் இறங்காமலேயே பேசினான்.

“ண்ணா, ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காத. பாப்பா சொன்னது நெஜமா?”

நான் பைக்கிலிருந்து இறங்கினேன்.

“உன் கை வேலையப் பாத்தப்பவே தெரிஞ்சிட்ச்சு. நீயா சொல்லுவன்னு நேத்துலேர்ந்து பாத்துகினு கீறேன்.”

“ஆமாண்டா. டோனட் போடறதுதான் வேலை. ஆரம்பத்துலேர்ந்தே.”

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கோபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

“நான் பேப்பர் போட்டுட்டேன் ண்ணா.”

“எதுக்கு?”

“அங்க வர்றதுக்குத்தான். இங்கிலீஷ் கிளாஸ் டெய்லி போவணும்னு ஏஜென்ட்டு சொன்னாரு. நைட் ஷிப்ட், ஓவர்டைம்னு ஒத்துவரல. உனக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு வெச்சிருந்தேன். உங்க கம்பெனில ஆள் எடுப்பாங்களான்னு போன்ல கேட்டேன்ல? நீ ‘பாக்கலாண்டா’ன்ன. அது போதும்னு நெனச்சேன்.”

பாக்கலாண்டா. பேச்சை முடிக்க நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி அவன் ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கிறான். நிரந்தர வேலைக்காக அவன் எத்தனை வருடம் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

“டோனட் போடறது இன்னா ண்ணா, திருட்டா?” என்றான் பிறகு. குரல் உடைந்திருந்தது. “அதுக்குப் போயி கொழந்தைய அந்த அதட்டு அதட்டற. எனக்காவது சொல்லிர்க்கலாம்ல? நான் இன்னா சிரிச்சிருப்பனா?”

அவன் சிரித்திருக்க மாட்டான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

5

சகாயத்தின் வேலை தப்பியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் காலம் முடியவில்லை. ராஜினாமாவைத் திரும்பப் பெற இடமிருந்தது. அவனை லைன் லீடராக்குவதாக இருந்த பேச்சு மட்டும் நின்றுபோனது. பாதியில் போக நினைத்தவன் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றி அவன் என்னிடம் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

அதற்காக மறுநாளே நாங்கள் இருவரும் தொழிற்சாலைக்குக் கிளம்பினோம். பிரிவின் மேலாளர் பிரபாகர் என்னிடம் பயிற்சி பெற்றவன், நான் பேசினால் கேட்பான் என்பது சகாயத்தின் நம்பிக்கை. ஜெனி தானும் வருவேன் என்றாள். “நீங்க வொர்க் பண்ண இடத்தை நான் பாத்ததே இல்லையே” என்றாள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்திலிருந்த பார்வையாளர் அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். சப்ளையர்கள் சிலர் மடிக்கணினியோடு காத்திருந்தார்கள். வரவேற்பு மேசையில் ஒரு பெண், கதவருகே செக்யூரிட்டி. சுவரில் பாதுகாப்பு வாசகங்கள். ஜெனி எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தாள்.

பிரபாகர் வந்ததும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “அருள் சார்! நீங்களா? நீங்க சொல்லிக்குடுத்த முறையத்தான் சார் இன்னிக்கும் பசங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்.” வரவேற்புப் பெண்ணிடம் திரும்பி, “இவங்க நம்ம பழைய இன்ஜினியர். இப்ப கனடாவுல பெரிய ப்ளான்ட்ல இருக்காங்க” என்றான். அவள் எழுந்து வணக்கம் சொன்னாள். காத்திருந்தவர்களில் இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜெனி தன் காலணியைப் பார்த்தாள்.

சகாயம் விஷயத்தைச் சொன்னான். பிரபாகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

“மேல கேப்பாங்க சகாயம். கனடா போறேன்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப போகலன்னா என்ன காரணம்? அண்ணனே அங்க இருக்காங்களே.”

“வூட்டுக்காரம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல சார்” என்றான் சகாயம், சட்டென்று. என்னைப் பார்க்காமல் சொன்னான்.

ரீட்டாவுக்கு ஒன்றும் இல்லை. முந்தின நாள் முழுக்க ஊருக்கே பந்தி பரிமாறியவள். என்னைக் காப்பாற்ற என் மகள் ஒரு பொய் சொல்லியாயிற்று, இப்போது தம்பியும் சொல்கிறான். அதனாலோ என்னவோ, பேசத் தொடங்கியபோது குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது.

“அதெல்லாம் இல்ல பிரபாகர். காரணம் நான்தான். நான் அங்க எந்த ப்ளான்ட்லயும் இல்ல. ஒரு பேக்கரியில டோனட் போடறேன். மாவு பிசைஞ்சு, வெட்டி, பொரிக்கறதுதான் என் வேலை. அங்க போனதுலேர்ந்து அதுதான். இவன்கிட்ட நான் அதச் சொல்லல. என் கம்பெனியில வேலை கிடைக்கும்னு நம்பி இவன் பேப்பர் போட்டுட்டான். இதையே மேல சொல்லுங்க.”

மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தவர் விரலை எடுத்துவிட்டார். பிரபாகர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் சட்டைப் பையைப் பார்த்தான். “அதனால என்ன சார்” என்றான். பிறகு, “எல்லாம் வேலைதானே சார்” என்றான். கடைசியில், “நீங்க உக்காருங்க, நான் உள்ள பேசிட்டு வந்துடறேன்” என்று எழுந்துபோனான். வரவேற்புப் பெண் கணினித் திரைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். சகாயம் என் முழங்கையை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் உள்ளே ஓரத்தில் சின்ன நிம்மதி இருந்தது. ஜெனி கேட்டிருக்கிறாள். தான் அடுக்களையில் சொன்ன உண்மையை இத்தனை பேர் முன்னால் அப்பாவே சொல்லிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இனி அவள் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அவள் முகத்தில் அந்தப் பழைய பெருமை வந்திருக்கும் என்று நிச்சயமாக நினைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த பெண்ணை, செக்யூரிட்டியை, காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுவரை சிவந்திருந்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டு, என் சட்டையைப் பிடித்து, காதருகே வந்தாள்.

“அப்பா, மெதுவாப் பேசுங்க” என்றாள். “எல்லாருக்கும் கேக்குது.”